உற்றறிவும் ஊறும்: இளமையில் மாற்றப்பட்ட வலியுணர்வு குறித்த அறவியல் நோக்கு

‘ஊறு’ என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. தோலின்வழி அறியப்படும் புலன் ஊறு. உடலுக்கோ வினைக்கோ நேரும் தீங்கும் ஊறு. இரண்டும் ‘உறு’ என்னும் ஓர் அடியிலிருந்து பிறந்தவை. புறத்தே உள்ள ஒன்று உடலை வந்து உறுகிறது. உடல் அதனை அறிகிறது. அறிதலும் தீங்குறுதலும் ஒரே வாயிலில் நிகழ்வன என்பதை மொழி தன் போக்கில் பதிந்து வைத்துள்ளது. இன்று பெருவழக்காக உள்ள ‘வலி’ என்பதோ பண்டை நூல்களில் பெரும்பாலும் ஆற்றலைக் குறித்தது. திருக்குறளின் வலியறிதல் அதிகாரம் பேசுவது நோவைப் பற்றி அன்று. நோவைச் சுட்டப் பண்டையோர் ஆண்டவை நோய், நோதல் முதலிய சொற்களே. இச்சொற்களின் வரலாறு தனியே ஆராயத்தக்கது. இங்கு அது ஓர் அறவியல் வினாவுக்கு நுழைவாயிலாக மட்டும் கொள்ளப்படுகிறது.

பிறந்து ஓரிரு நாளே ஆன ஓர் உயிர்க்கு ஒரு வேதிப்பொருளைச் செலுத்தி, அதன் வலியுணர்வை வாழ்நாள் முழுமைக்கும் குறைத்துவிட இயலும். மற்றொரு பொருளைச் செலுத்திக் கூட்டிவிடவும் இயலும். இரண்டும் ஆய்வுக்கூடங்களில் செய்யப்பட்டுள்ளன. பிறிதோர் உயிரின் நோயைத் தன் நோயாகக் கொள்ளுதலே அறம் என்பது தமிழ் அறநூல்களின் அடிப்படைகளுள் ஒன்று. நோயை உணரும் தன்மையே மாற்றப்பட்ட உயிரின் முன் அவ்வறம் எவ்வாறு நிற்கும்? வலி குறைந்த உயிர்க்கு நன்மை செய்யப்பட்டதா, தீங்கு செய்யப்பட்டதா? இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

செகெட் நகரத்து ஆய்வு

மிளகாயின் காரத்துக்குக் காரணமான பொருள் கேப்சைசின் ஆகும். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துக்கு உரியது. போர்த்துகீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்தது. அதற்குத் தமிழ் இட்ட பெயரில் பழைய மிளகே முன்னிற்கிறது. தமிழர் கார்ப்பை அறுசுவையுள் ஒன்றாக வைத்தனர். உடலியலோ அதனைச் சுவையாகக் கொள்வதில்லை. வெப்பத்தையும் தீங்கையும் உணர்த்தும் மெல்லிய நரம்பிழைகளையே கேப்சைசின் தூண்டுகிறது. அது பற்றிக்கொள்ளும் ஏற்பியை 1997இல் டேவிட் ஜூலியசும் அவர்தம் குழுவினரும் இனங்கண்டனர். ஏறத்தாழ 43 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தாலும் அதே ஏற்பி தூண்டப்படுகிறது. இக்கண்டுபிடிப்புக்காக ஜூலியசு 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசை ஆர்டெம் படபூட்டியனுடன் பகிர்ந்துகொண்டார். நாவில் கார்ப்பாகத் தோன்றுவது புலன் வகையில் ஊறாகவே முடிகிறது என்பது தமிழ் ஆய்வாளர்க்குச் சுவையான செய்தி.

அங்கேரி நாட்டின் செகெட் நகரில் மிக்லோசு யாஞ்சோ என்னும் மருந்தியல் அறிஞர், கேப்சைசின் மிகுதியாகச் செலுத்தப்பட்ட விலங்குகள் பின்னர் எரிச்சலூட்டும் வேதிப்பொருள்களைப் பொருட்படுத்துவதில்லை என்பதை 1940களில் கண்டறிந்தார். அவர் 1966இல் மறைந்தார். அவருக்குப் பின் அதே நகரில் காபோர் யாஞ்சோவும் உடன் ஆய்ந்தோரும் 1977இல் நேச்சர் இதழில் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் ஒரு திருப்பமாக அமைந்தது. பிறந்து இரண்டு நாளான எலிக்குட்டிகளுக்கு, உடல் எடையில் ஒரு கிலோகிராமுக்கு 50 மில்லிகிராம் என்னும் அளவில் கேப்சைசினைத் தோலுக்கடியில் செலுத்தும் முறை அதன்பின் பல ஆய்வுக்கூடங்களில் வழக்காயிற்று. வளர்ந்த விலங்கில் உண்டாகும் உணர்வுக்குறைவு காலப்போக்கில் பெரிதும் மீளக்கூடியது. குட்டியிலோ அவ்வாறன்று. மெல்லிய நரம்பிழைகளுக்குரிய உயிரணுக்களில் பெரும்பகுதி அழிந்துபடுகிறது, அழிந்தவை மீள்வதில்லை. ஒரே பொருள், ஒரே ஊசி. பெறும் காலம் மட்டுமே வேறு. விளைவின் வேறுபாடு முழுவதும் அக்காலத்தைச் சார்ந்தது.

இவ்வெலிகள் வளர்ந்தபின் அவற்றின் கண்ணில் நீர்த்த கேப்சைசின் ஒரு துளி இடப்படுகிறது. இயல்பான எலி முன்னங்காலால் கண்ணை மீண்டும் மீண்டும் துடைக்கும். இளமையில் மருந்து பெற்ற எலி துடைப்பதில்லை. துடைத்தாலும் மிகச் சிலமுறையே. துடைப்பின் எண்ணிக்கை குறிக்கப்படுகிறது. வெப்பத்தால் வரும் வலியைப் பொறுத்தவரை ஆய்வுக்கூடங்களின் முடிவுகள் தம்முள் ஒத்துவரவில்லை. வேதிப்பொருளால் வரும் எரிச்சலைப் பொறுத்தவரை ஐயத்துக்கு இடமில்லை.

இதுவரை கூறியவற்றோடு நின்றால், அவ்வெலி நோவின்றி வாழ்வது பேறு என்றுகூட ஒருவர் எண்ணக்கூடும். ஆனால் வேறு சிலவும் காணப்பட்டன. இளமையில் கேப்சைசின் பெற்ற எலிகளின் முகத்திலும் தோலிலும் புண்கள் தோன்றின. கண்ணின் மேற்படலமும் சேதமுற்றது. எரிச்சலை உணர்த்தும் நரம்பிழைகளே காயம்பட்ட இடத்தில் குருதி ஓட்டத்தைப் பெருக்கித் திசுவைப் பேணும் பணியையும் செய்கின்றன. கேப்சைசின் பெற்ற விலங்குகள் சுற்றுப்புற வெப்பம் மிகும்போது உடல்வெப்பத்தைக் காத்துக்கொள்ள இயலாமல் தடுமாறின. வலியை மட்டும் தனியே பறித்தெடுக்க இயலவில்லை. அதனோடு காவலும் போயிற்று.

எதிர்த்திசையில் சென்ற ஆய்வுகள்

2000ஆம் ஆண்டில் சயன்ஸ் இதழில் ரூடாவும் உடன் ஆய்ந்தோரும் மறுதலையான முடிவொன்றை வெளியிட்டனர். பிறந்த எலிக்குட்டியின் ஒரு பின்னங்காலில், கொல்லப்பட்ட நுண்ணுயிரிகள் கலந்த எண்ணெய்க் குழம்பைச் செலுத்தி நீண்ட அழற்சி உண்டாக்கப்பட்டது. அக்குட்டி வளர்ந்தபின் அதன் தண்டுவடத்தில் அக்காலுக்குரிய வலி நரம்பிழைகள் அடர்ந்து பரவியிருந்தன. புதிய அழற்சிக்கு அது இயல்புக்கு மிஞ்சிய எதிர்வினை காட்டியது. பின்னர் வந்த ஆய்வுகள் இதனை அப்படியே ஏற்கவில்லை. செலுத்திய அளவு, அழற்சி நீடித்த காலம் ஆகியவற்றுக்கேற்ப முடிவு மாறியது. சில ஆய்வுகளில் அன்றாட உணர்வு மழுங்கியும், அதே இடத்தில் மீண்டும் காயம்படும்போது வலி மிகுந்தும் காணப்பட்டது. கூடுதல், குறைதல் என்ற இரு சொற்களுள் அடங்காத மாற்றம் இது.

இவ்வாய்வுகள் ஆய்வுக்கூட ஆர்வத்தால் மட்டும் எழுந்தவை அல்ல என்பதையும் நேர்மையோடு குறிப்பிடல் வேண்டும். 1980கள் வரை மேலைநாட்டு மருத்துவமனைகளில் பச்சிளங்குழந்தைகளுக்குப் போதிய வலியடக்கி இன்றி, தசைகளை அசையவிடாது தடுக்கும் மருந்தை மட்டும் முதன்மையாகத் தந்து அறுவை செய்யும் வழக்கம் இருந்தது. குழந்தையின் நரம்பமைப்பு முதிரவில்லை, ஆதலின் அதற்கு வலி இல்லை என்பதே அதற்குக் கூறப்பட்ட காரணம். இந்திய வழிவந்த மருத்துவர் கன்வல்ஜீத் ஆனந்தும் உடன் ஆய்ந்தோரும் ஆக்சுபோர்டில் நிகழ்த்திய ஆய்வு 1987இல் லான்செட் இதழில் வெளிவந்தது. குறைமாதக் குழந்தைகளுக்கு அறுவையின்போது ஃபென்டனில் என்னும் வலியடக்கி தரப்பட்டால், உடலின் நெருக்கடி எதிர்வினை குறைந்து, பின்விளைவுகளும் குறைகின்றன என்பது அதில் நிறுவப்பட்டது. 1997இல் அதே இதழில் தேடியோவும் உடன் ஆய்ந்தோரும் வெளியிட்ட கனடா நாட்டு ஆய்வு மேலும் ஒரு படி சென்றது. பிறந்த சில நாளில் நுனித்தோல் அகற்றப்பட்ட ஆண் குழந்தைகள், நான்கு முதல் ஆறு மாதத்தில் தடுப்பூசி இடப்பட்டபோது, அகற்றப்படாத குழந்தைகளைவிட மிகுதியாக வலிக்குறி காட்டின. முதல் வலி உடலில் தங்கிவிடுகிறது என்ற ஐயம் வலுத்தது. அது எங்கே, எவ்வாறு தங்குகிறது என்பதைக் குழந்தையின் தண்டுவடத்தை அறுத்துப் பார்த்து அறிய முடியாது. எலிக்குட்டியின் தண்டுவடத்தை அறுத்துப் பார்க்கலாம். எலிக்குட்டியின் முதல் வார நரம்பு வளர்ச்சி குறைமாத மனிதக் குழந்தையின் நிலையோடு ஏறத்தாழ ஒப்பிடத்தக்கது என்பது இத்துறையினர் கொண்ட அடிப்படை.

இங்குதான் சிக்கல் கூர்மை பெறுகிறது. ஒப்பிடத்தக்கது என்று கொண்டதனால்தான் எலிக்குட்டி தேர்ந்தெடுக்கப்பட்டது. ஒப்புமை இல்லையெனில் அவ்வறிவால் குழந்தைக்குப் பயனில்லை. ஒப்புமை உண்டெனில், குழந்தைக்கு எதைச் செய்தல் தகாது என்று நிறுவ முயன்றார்களோ அதனையே குட்டிக்குச் செய்தனர். ஏனைய மருந்துச் சோதனைகளிலும் இவ்விருதலைச் சிக்கல் உண்டு. ஆனால் அங்கு விலங்கின் நோவு வழியில் நேர்வது; இங்கு நோவே ஆய்பொருள். ஈரல் நோய்க்கு மருந்து தேடுவோர் விலங்கு நோவுறாமல் இருக்க வலியடக்கி தரலாம். நோவை ஆய்வோர் அதைத் தந்தால் ஆய்வே இல்லையாகிறது.

எலியின் மெய்ப்பாடு

பேசாத உயிரின் வலி எவ்வாறு அறியப்படுகிறது? 1941 முதல் வழங்கும் முறை, எலியின் வாலில் வெப்பக்கதிரைப் பாய்ச்சி அது வாலைச் சுண்டி விலக்க எடுத்துக்கொள்ளும் நொடிகளை எண்ணுவது. டூபுயிசோன், டென்னிசு ஆகியோர் 1977இல் விவரித்த முறையில், நீர்த்த ஃபார்மலின் பாதத்தில் செலுத்தப்படுகிறது. விலங்கு பாதத்தைத் தூக்குவதும் நக்குவதும் ஏறத்தாழ ஒரு மணிநேரம் பதியப்படுகின்றன. முதல் சில நிமிடங்களில் ஒரு வேகமும், பிறகு ஓர் அமைதியும், அதன்பின் நீண்ட இரண்டாம் வேகமும் அதில் காணப்படும். வால்சுண்டும் செயல் மூளையோடு தொடர்பறுக்கப்பட்ட தண்டுவடத்தாலும் நிகழக்கூடியது. எனவே தீங்கை உணர்ந்து விலகுதல் வேறு, வலியால் வருந்துதல் வேறு என்று பிரித்தறியும் தேவை எழுந்தது. முன்னதைக் குறிக்கும் கலைச்சொல்லைச் செரிங்டன் 1906இலேயே ஆண்டுவிட்டார். அதற்குத் தமிழில் ‘ஊறறிதல்’ என்பது பொருந்தும் என்று தோன்றுகிறது.

தொல்காப்பிய மரபில் பயின்றோர்க்கு இச்சிக்கல் புதிதன்று. உள்ளத்தின் நிலை உடலில் புலப்படுதலே மெய்ப்பாடு. காண்போர் உடற்குறி கொண்டு உள்ளத்தை உய்த்துணர்கின்றனர். மெய்ப்பாட்டியல் பிணியையும் வருத்தத்தையும் இளிவரலின் நிலைக்களன்களாக வைக்கிறது. அழுகைக்கு அவற்றைக் கூறவில்லை. உடல்நோவு கண்ணீராக மட்டுமே வெளிப்படும் என்று அந்நூல் கருதவில்லை என்பதை இதிலிருந்து உணரலாம். மான்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மோகிலும் உடன் ஆய்ந்தோரும் 2010இல் சுண்டெலியின் முகக்குறி அளவுகோல் ஒன்றை வகுத்தனர். கண் இடுங்குதல், மூக்கும் கன்னமும் புடைத்தல், காதின் நிலை, மீசைமயிரின் நிலை ஆகிய ஒவ்வொன்றுக்கும் சுழி முதல் இரண்டு வரை எண் தரப்படுகிறது. இதனை விலங்கின் மெய்ப்பாட்டியல் என்று கூறினால் மிகையாகாது. உலக வலி ஆய்வுக் கழகம் 1979இல் வகுத்த வலியின் வரையறை, உரைத்தல் என்னும் மனிதச் செயலைச் சார்ந்திருந்தது. 2020இல் அது திருத்தப்பட்டபோது, சொல்லால் தெரிவிக்க இயலாமை மனிதனோ விலங்கோ வலியுறும் வாய்ப்பை மறுத்துவிடாது என்பது குறிப்பாகச் சேர்க்கப்பட்டது. நாற்பது ஆண்டுக்கு மேற்பட்ட வாதத்தின் பின் வந்த திருத்தம் இது.

எனினும் மெய்ப்பாட்டால் அறிதற்கு ஒரு முன்நிபந்தனை உண்டு. காட்டும் உடலும் உணரும் உள்ளமும் இயல்பான தொடர்பில் இருத்தல் வேண்டும். இரண்டாம் நாளில் நரம்பிழைகளை இழந்த எலியில் அத்தொடர்பே குலைக்கப்பட்டுவிட்டது. முகத்தில் புண் இருக்கிறது; முகக்குறியில் நோவு இருக்க வேண்டியதில்லை. அளவுகோல் சுழியைக் காட்டக்கூடும்.

தன்னை அளவாகக் கொள்ளுதல்

திருக்குறளின் இன்னா செய்யாமை அதிகாரம், பிறிதின் நோயைத் தன் நோய்போல் பேணாதவன் பெற்ற அறிவால் பயன் யாது என்று வினவுகிறது. தனக்கு இன்னாதது என உணர்ந்ததைப் பிறர்க்குச் செய்யலாகாது என்பதும் அவ்வதிகாரத்தின் கருத்தே. இங்கு அளவுகோல் தன் உடல். தன்னுயிரில் கற்றதைப் பிற உயிரின்மேல் ஏற்றிக் காண்பதே அருளின் வழி. அறிவைப் பற்றிய வினாவாக அது அமைந்திருத்தல் கூர்ந்து நோக்கத்தக்கது. இன்னாமை பற்றிய அதிகாரத்தில் ஆசிரியர் அறிவையே சான்றுக்கு அழைத்து நிறுத்துகிறார்.

இதே அளவுகோலை வலி ஆய்வாளரும் கொண்டனர். 1983இல் சிம்மர்மன் ‘பெயின்’ இதழில் வெளியிட்ட நெறிமுறைகள், உணர்வுள்ள விலங்கின்மேல் வலி ஆய்வு செய்வோர்க்கு உரியவை. இயன்றவிடத்து ஆய்வாளர் அவ்வலித் தூண்டலைத் தம்மேலேயே செய்துபார்த்தல் வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. இரு நெறிகளும் ஒரே படியில் தொடங்கி எதிரெதிர்த் திசையில் செல்கின்றன. தான் உணர்ந்தது இன்னாதாயின் செய்யாதே என்கிறது ஒன்று. தான் உணர்ந்து தாங்கக்கூடியதாயின் செய்யலாம் என்கிறது மற்றொன்று. பின்னதை எள்ளி ஒதுக்குதல் தகாது. வாலில் படும் வெப்பத்தைத் தன் விரலில் ஏற்றவர் அவ்வெப்பத்தைக் கூட்டத் தயங்குவார்; இந்நெறி பல விலங்குகளின் துன்பத்தைக் குறைத்திருக்கும் என்பதில் ஐயமில்லை.

ஆனால் இளமை வேதியூட்டலில் இவ்விரு நெறிகளும் ஒருசேரத் தோற்கின்றன. எந்த ஆய்வாளரும் தம் வாழ்வின் இரண்டாம் நாளுக்குத் திரும்பிச் சென்று ஒரு துளி கேப்சைசினை ஏற்றுக்கொண்டு, அதன்பின் வளர்ந்து, அவ்வாழ்வு எத்தகையது என்று சொல்ல இயலாது. இன்று தம் கையில் ஏற்றுப்பார்க்கும் கேப்சைசின் எரியும். ஆனால் வளர்ந்த கையின் எரிச்சல் இங்குக் கேட்கப்படும் வினாவுக்கு விடையன்று. தன் நோய்போல் என்னும் உவமைக்குத் தன்னிடத்தே நோய் இருத்தல் வேண்டும்; பிறிதினிடத்தும் அதற்கு இணையான நோய் இருத்தல் வேண்டும். ஆய்வாளர் அவ்விணையை முன்னரே அறுத்துவிட்டார். அறுத்தபின், ‘இது என்னைப்போல் உணர்வதில்லை’ என்று சொல்லும் உரிமை அவருக்கு உண்டா? கடன் ஏட்டைக் கிழித்தவன் கடன் இல்லை என்று வழக்காடுவதை இது ஒக்கும்.

அறியாத இழப்பு

மேலை அறவியலில் தீங்கு என்பதற்குப் பொதுவாகத் தரப்படும் விளக்கம் ஒப்பீட்டைச் சார்ந்தது. ஓர் உயிர் முன்பிருந்த நிலையினும் தாழ்ந்த நிலைக்குத் தள்ளப்படுதல் தீங்கு. பெந்தாம் 1789இல் வெளியிட்ட நூலின் அடிக்குறிப்பொன்றில், விலங்குகளைப் பொறுத்தவரை கேட்கத்தக்க வினா அவை சிந்திக்குமா, பேசுமா என்பதன்று, துன்புறுமா என்பதே என்று வாதிட்டார். விலங்கு நலம் பேசும் பிற்கால இயக்கங்கள் பெரிதும் இவ்வடிக்குறிப்பின்மேல் எழுந்தவை. இக்கொள்கையைக் கடைப்பிடித்தால் செகெட் எலிக்குத் தீங்கு நேர்ந்தது என்று கூறுதல் எளிதன்று. அதற்கு முன்னிலை என ஒன்று இல்லை. இழந்ததை அது அறியாது. அதன் துன்பம் அளவுகோலில் குறைந்தே உள்ளது. துன்பத்தின் கூட்டல் கழித்தலே அறமெனில், அந்த ஊசி அறச்செயலாகவே முடியும்.

இது வெறும் தருக்க விளையாட்டன்று. ஆடம் சிரைவர் 2009இல் வெளியிட்ட கட்டுரையொன்றில், தொழிற்பண்ணைகளை ஒழிக்க இயலாதெனில், வலியால் வருந்தும் கூறு நீக்கப்பட்ட கால்நடைகளை மரபணு மாற்றத்தால் உருவாக்கலாம் என்று முன்மொழிந்தார். தீங்கை உணர்ந்து விலகும் திறன் எஞ்சியிருக்கும், வருந்துதல் மட்டும் இராது என்பது அவர் கருத்து. பெந்தாமின் வழியில் இதனை மறுப்பது கடினம். எனினும் படிப்போர் உள்ளத்தில் எழும் மறுப்பு காரணமற்றதன்று. அம்முன்மொழிவில் மாறுவது விலங்கு, மாறாதது கூண்டு.

வலியின்மை எத்தகையது என்பதற்கு வேலூர் ஒரு சான்று தருகிறது. 1946இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளரின் விரல்கள் நோயால் தாமாக அழுகி விழுவதில்லை, உணர்வற்றுப்போனதால் அவர்கள் அறியாமலேயே அடிபட்டும் சுட்டுக்கொண்டும் தேய்ந்தழிகின்றன என்பதை எடுத்துக்காட்டினார். இரவில் உறங்கும் நோயாளரின் விரல்களை எலிகள் கடித்துத் தின்றதும், அவர்கள் விழித்தெழாததும், அதற்குத் தீர்வாகப் பூனைகள் வளர்க்கத் தரப்பட்டதும் அவர் எழுதியவற்றுள் உள்ளன. ஆய்வுக்கூடத்தின் எலியும் வேலூரின் எலியும் இவ்வாறு ஒரு செய்தியில் சந்திக்கின்றன. தொழுநோயாளர்க்கு வலி இல்லாதது பேறு என்று எவரும் கூறியதில்லை. வளர்ந்தபின் இழந்தவர் என்பதால் அவர் இழப்பை அறிவார் என்று சிலர் வேறுபடுத்தக்கூடும். பிறவியிலேயே வலி உணராத மனிதரும் உளர். அவர்கள் நாவைக் கடித்துக்கொண்டும் எலும்பு முறிந்ததறியாது நடந்தும் இளமையிலேயே உடல் சிதைவதை மருத்துவம் பதிவு செய்துள்ளது. இழந்ததை ஒருபோதும் அறியாதவரை இழப்பற்றவர் என்று மருத்துவர் கருதுவதில்லை.

இங்குத் தொல்காப்பிய மரபியலின் உயிர்ப்பகுப்பு உதவுகிறது. ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக உயிர்களைப் பகுக்கும் அந்நூல், முதலாவதாக வைப்பது உற்றறிதலை. புல்லும் மரமும் அதனை உடையன. மேலேறும் ஒவ்வொரு படியும் அதன்மேல் அமைகிறது. விலங்குகளை ஐயறிவினவற்றுள் வைக்கும் அப்பகுப்பில் எலியும் அடங்கும். இப்பகுப்பை உயிரியல் வகைப்பாடாகக் கொண்டு பெருமை பேசுவோரும் பழமையென ஒதுக்குவோரும் ஒன்றைக் காணத் தவறுகின்றனர். புலனை அது ‘அறிவு’ என்றே பெயரிடுகிறது. தோலுக்கு நேர்வது வெறும் துன்பமோ இன்பமோ அன்று. உலகைப் பற்றிய அறிவு. அவ்வாறாயின் வலி என்பது குறைக்கத்தக்க ஒரு தீய பொருள் மட்டும் அன்று. உயிர் தன் உடலையும் உலகையும் அறியும் முதல் வழிகளுள் ஒன்று. இரண்டாம் நாளில் அதனை அழித்தல், அவ்வுயிர்க்கு உரிய அறிவைப் பறித்தலாகும். அழற்சியால் அதனை மிகுவித்தலும் அறிவைக் கூட்டுவதாகாது. இல்லாத தீங்கை உள்ளதாகக் காட்டும் பொய்யறிவை உடலில் பதித்தலாகும். குறைத்தல், கூட்டல் என்னும் இரண்டும் ஒரே வகைத் தீங்காவதை இந்நோக்கே விளக்குகிறது. துன்பக் கணக்கு இவற்றுள் ஒன்றை நன்மை என்று முடிக்க நேர்கிறது.

ஒரு மறுப்பு எழலாம். ஓரறிவுயிர் முதலாக எல்லாவற்றின் உற்றறிவையும் பேண வேண்டுமெனில் புல்லை மிதிக்கவும் இயலாதே என்பது அது. உற்றறிவு எங்கு உளதோ அங்கெல்லாம் ஒரே அளவு கடமை என்று மரபியல் கூறவில்லை. அது அறநூலும் அன்று. இங்கு வாதிடப்படுவது குறுகியது. ஓர் உயிரின் உற்றறிவை மனிதன் தன் அறிவுக்காக மாற்றியமைத்தபின், மாற்றத்துக்குப் பிந்திய உணர்வுநிலையைக் காட்டித் தன் கடமையைக் குறைத்துக்கொள்ள இயலாது என்பதே.

சட்டமும் காலமும்

இந்திய நாடாளுமன்றம் 1960இல் இயற்றிய விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் பின்னணியில் ருக்மணிதேவி அருண்டேலின் முயற்சி உண்டு. மாநிலங்களவையில் அவர் கொணர்ந்த தனிநபர் முன்வரைவே இதற்கு வழிகோலியது. அச்சட்டம் ஆய்வுச் சோதனைகளைத் தடை செய்யவில்லை, ஒழுங்கு செய்கிறது. இயன்றவரை பரிவோடும், விலங்கு வலி உணராதவாறு போதிய ஆற்றலுள்ள மயக்கமருந்தின் கீழும் சோதனைகள் நிகழ வேண்டும் என்பது அதன் 17ஆம் பிரிவின் கருத்து. ‘இயன்றவரை’ என்னும் சொல் ஏனைய ஆய்வுகளில் சிறு சுமையைத் தாங்குகிறது. வலி ஆய்வில் சட்டத்தின் முழுச் சுமையும் அதன்மேல் விழுகிறது. அதே பிரிவு, சிறு விலங்குகளைக் கொண்டு அதே முடிவைப் பெற இயலுமெனில் பெரிய விலங்குகளைத் தவிர்க்க வேண்டும் என்றும் கூறி, சிறியவற்றுக்கு எடுத்துக்காட்டாகக் கினிப்பன்றி, முயல், தவளை, எலி ஆகியவற்றைச் சுட்டுகிறது. சட்டம் உயிர்களை உருவால் வரிசைப்படுத்த, மரபியல் அறிவால் வரிசைப்படுத்துகிறது. எலி உருவில் சிறியது. உற்றறிவில் சிறியது என்பதற்குச் சான்றில்லை. வலி ஆய்வின் பெரும்பகுதி எலியின்மேல் நிகழ்வதே அதன் உற்றறிவு மனிதனுடையதை ஒத்தது என்ற நம்பிக்கையால்தான்.

1998இன் விதிகளின்படி, விலங்குகளைக் கையாளும் ஒவ்வொரு நிறுவனமும் நெறிக்குழு ஒன்றை அமைத்து, சோதனை தொடங்குமுன் அதன் இசைவு பெறல் வேண்டும். ரசலும் பர்ச்சும் 1959இல் முன்வைத்த மாற்றுவழி, எண்ணிக்கைக் குறைப்பு, முறைச் செம்மை என்னும் மூன்று நெறிகள் இத்தகைய குழுக்களின் சிந்தனைக்கு உலகெங்கும் அடிப்படையாக உள்ளன. ஆயினும் இந்நெறிகளின் நோக்கு பெரும்பாலும் செயல் நிகழும் நேரத்தைச் சார்ந்தது. எத்தனை விலங்கு, என்ன மருந்து, எத்துணை வலி, என்ன மயக்கமருந்து என்னும் வினாக்கள் ஊசி இடப்படும் நிமிடத்தைச் சூழ்ந்து நிற்கின்றன. எலிக்குட்டிக்கு மயக்கமருந்து தந்து கேப்சைசின் செலுத்தினால் அந்நிமிடத்துக்கு உரிய கடமை நிறைவேறிவிடுகிறது. இளமை வேதியூட்டலின் தீங்கோ அந்நிமிடத்தில் இல்லை. அதன்பின் வரும் வாரங்களிலும் மாதங்களிலும், ஒரு வாழ்நாள் முழுதும் அது பரவிக் கிடக்கிறது. இழப்பு நிகழ்ந்த அப்பொழுதே வலி உணரப்படாமற்போவதால், நிமிடக் கணக்கில் அத்தீங்கு மிகச் சிறியதாகத் தோன்றுகிறது.

ஆகவே இத்தகைய ஆய்வுக்கு இசைவு கோருவோரிடம் கேட்கத்தக்க வினாக்கள் வேறு. பச்சிளங்குழந்தையின் வலியை உலகம் மறுத்துக்கொண்டிருந்த காலத்தில் எழுந்த ஆய்வுக்கு ஒரு நியாயம் இருந்தது. அம்மறுப்பு வீழ்ந்தபின், அதே முறையைச் சிறு வேறுபாடுகளோடு மீண்டும் மீண்டும் செய்தற்கு அந்த நியாயத்தைக் கடன் வாங்க இயலாது. வேறொரு நரம்பிழையை ஆராயும்பொருட்டு, எலியை வலியற்றதாக்கும் வழியைக் கருவியாக மட்டும் ஆள்வோர், அவ்விலங்கு ஆய்வு முடியும் நாள்வரை எவ்வாறு வாழும் என்பதற்கும் விடை கூறல் வேண்டும். வலியடக்கி அவ்வெலிக்குத் தேவையற்றதாக இருக்கலாம். புண்ணைத் தேடிப்பார்க்கும் கண் தேவையற்றதாகாது. நோவுறும் எலி தன் புண்ணைத் தானே காட்டிக்கொடுக்கும். நோவுணராத எலியின் புண்ணை ஒருவர் நாள்தோறும் சென்று பார்த்தே அறிய வேண்டும்.

இரண்டாம் நாளில் ஊசியிட்ட கைக்கும், வளர்ந்த எலியின் கண்ணில் துளியிட்டுத் துடைப்பை எண்ணும் கைக்கும் இடைப்பட்ட வாரங்களில் அக்கூண்டை அன்றாடம் காண்பவர் பெரும்பாலும் விலங்கு பேணும் ஊழியரே. தீனியிடும்போதும் மரத்தூளை மாற்றும்போதும் எலியின் முகத்துப் புண்ணையும் கலங்கிய கண்ணையும் முதலில் காண்பவர் அவர். வெளியிடப்படும் கட்டுரைகளில் துடைப்பின் எண்ணிக்கை அட்டவணையாக இடம்பெறுகிறது. ஊழியர் கண்டது கூண்டின்மேல் தொங்கும் அட்டையில் எழுதப்பட்டு, விலங்கின் ஆயுளோடு அவ்வட்டையும் அகற்றப்படுகிறது. அவ்வட்டைகளை நெறிக்குழுவின் பார்வைக்கு வைப்பதும், ஆய்வு முடிவின் பகுதியாக வெளியிடுவதும் எந்தச் சோதனையின் முடிவையும் கெடுப்பதில்லை.